இந்திய டெஸ்ட் அணி படுத்துவிட்டதா? ரிமோட்டை எறிவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நான் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் செய்கிறவன். திருச்சி உறையூரில் சின்னக் கடை. கடையில் ஒரு பழைய டிவி உண்டு. டெஸ்ட் மேட்ச் என்றால் ஐந்து நாளும் ஓடும். அதனாலேயே தோற்ற அன்று புலம்ப வருகிறவர்களும் போன் போடுகிறவர்களும் என்னிடம்தான் வருவார்கள். 2024 அக்டோபரிலிருந்து இந்த இலவச சர்வீஸ் ரொம்பக் கூடிவிட்டது. நியூசிலாந்திடம் சொந்த மண்ணில் 0-3. ஆஸ்திரேலியாவில் 1-3. இங்கிலாந்தில் 2-2. 2025 நவம்பரில் தென் ஆப்பிரிக்காவிடம் மறுபடியும் சொந்த மண்ணில் 0-2. நடுவில் வெஸ்ட் இண்டீஸை 2-0 என்று வென்றோம். அதற்கு ஒருவரும் போன் போடவில்லை.

ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதி வைத்துவிட்டால் சுட்டிக்காட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

கடைக்கு வருகிறவர் மிக்ஸியை மேஜையில் வைக்கும்போதே "மோட்டார் போச்சுண்ணே" என்பார். கவிழ்த்து அடியில் இருக்கிற சிவப்புப் பட்டனை அழுத்தினால் ஓடும். அப்படியும் ஓடவில்லை என்றால் கப்ளர் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் கார்பன் பிரஷ். காயில் எரிந்துபோனது என்பது கடைசியில் பார்க்க வேண்டியது. கிரிக்கெட் ரசிகரும் அப்படித்தான், முதல் விக்கெட் விழுந்ததும் கேப்டனை மாற்றச் சொல்வார். கீழே எல்லாவற்றையும் மலிவான கோளாறிலிருந்து ஆரம்பித்துச் செலவு பிடிக்கிற கோளாறு வரை வரிசையாக வைத்திருக்கிறேன். "ஆளைக் கூப்பிடலாம்" என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் தேர்வுக்குழுவையும் பயிற்சியாளரையும் நோக்கி விரல் நீட்ட உங்களுக்கு அனுமதி. அதற்கு முன்னால் நீட்டினால் அது வெறும் கத்தல்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு சோதனை

சோதனை 1: அதே பிட்சில் எதிரணி எத்தனை அடித்தது?

2025 நவம்பர் கொல்கத்தா டெஸ்ட்டின் நான்கு இன்னிங்ஸையும் எழுதிப் பாருங்கள்: 159, 189, 153, 93. யாருமே 200ஐத் தொடவில்லை. அடுத்த வாரம் குவாஹாட்டி: தென் ஆப்பிரிக்கா 489, நாம் 201. இரண்டிலும் தோற்றோம், இரண்டுக்கும் எனக்கு வந்த போன் ஒன்றுதான்: "பேட்டிங்கே தெரியலண்ணே." கொல்கத்தாவில் கோளாறு வேறு, குவாஹாட்டியில் வேறு. எதிரணி ஒரு முறையாவது ஆடி முடிக்கும் வரை வாயைத் திறக்காமல் இருப்பது உத்தமம். எனக்கே முடிவதில்லை, சொல்லி வைக்கிறேன்.

சோதனை 2: பத்து விக்கெட்டையும் சத்தம் இல்லாமல் ஒரு தடவை பாருங்கள்.

வர்ணனையை மியூட் செய்துவிட்டு ஹைலைட்ஸ் பார்க்க வேண்டும். ஒவ்வொரு விக்கெட்டுக்கும் ஒரே கேள்வி: அந்தப் பந்தை விட்டிருக்கலாமா, ஆடித்தான் ஆக வேண்டுமா? தாளில் கோடு போடுங்கள். விட்டிருக்கலாம் என்ற பக்கம் ஐந்து கோட்டுக்கு மேல் இருந்தால் நம் ஆட்கள் பக்கம் தவறு. குறைந்தால் பந்து போட்டவனுக்குக் கைதட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

## அறிகுறி 1: டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஆறு விக்கெட் போயிருக்கிறது

மலிவான காரணம்: மேகமும் டாஸும்

2024 அக்டோபர், பெங்களூரு, நியூசிலாந்து. முதல் நாள் முழுக்க மழை. இரண்டாம் நாள் வானம் கறுத்திருக்க, டாஸ் ஜெயித்து நாம் பேட்டிங் எடுத்தோம். சாப்பாட்டு இடைவேளையில் 34க்கு 6, கடைசியில் 46 ஆல் அவுட். ஐந்து பேர் டக். சொந்த மண்ணில் இந்தியாவின் மிகக் குறைந்த ஸ்கோர் அதுதான். பிட்சைத் தவறாகக் கணித்துவிட்டேன் என்று ரோஹித் சர்மாவே பிறகு சொன்னார். இது சிவப்புப் பட்டன் கேஸ். அதே ஆட்கள் வெயில் அடித்த இரண்டாவது இன்னிங்ஸில் 462 அடித்தார்கள், சர்ஃபராஸ் கான் மட்டும் 150. மேட்ச் போனது போனதுதான். ஆனால் மோட்டார் எரியவில்லை.

அடுத்த காரணம்: அன்றைக்கு எல்லாம் எட்ஜில் பட்டது

2020 டிசம்பர் அடிலெய்டில் 36 ஆல் அவுட். ஸ்கோர் 15இல் நின்றுகொண்டிருந்தபோதே நான்கு பேர் வரிசையாகப் போனார்கள். ஒருவர்கூட இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. ஆஸ்திரேலியாவின் ஹேசல்வுட் 8 ரன் கொடுத்து 5 விக்கெட். இதை நான் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன் (வீட்டில் ஏன் என்று கேட்டார்கள், பதில் இல்லை). பெரும்பாலான விக்கெட்டில் பேட்ஸ்மேன் செய்த பெரிய தவறு என்று எதுவும் கிடையாது. வேறொரு நாளாக இருந்தால் மட்டையைத் தாண்டிப் போயிருக்கும் பந்துகள் அன்று மட்டையின் ஓரத்தில் பட்டன.

இந்தக் கேஸில் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, ஒரு டெஸ்ட் பொறுத்திருக்க வேண்டும். அன்று எறிந்த ரிமோட்டுக்கு இன்றும் மூடி கிடையாது, ரப்பர் பேண்ட் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். அடுத்த டெஸ்ட்டில் ரஹானே 112 அடித்து மெல்போர்னில் ஜெயித்தோம். ஜனவரியில் பிரிஸ்பேன் காபா மைதானத்தில் 328ஐத் துரத்தி அடித்துத் தொடரையே கொண்டுவந்தார்கள். சேலம் பக்கத்து நடராஜனும் நம்ம வாஷிங்டன் சுந்தரும் அந்த மேட்ச்சில்தான் அறிமுகம்.

செலவு பிடிக்கிற காரணம்: ஒரே ஆள், ஒரே பந்து, ஒரே முடிவு

2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் விராட் கோலி எட்டு முறை அவுட். எட்டும் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போன பந்தைத் தொட்டு, விக்கெட்டுக்குப் பின்னால் கேட்ச். அதில் நான்கு முறை ஸ்காட் போலண்ட். எட்டுத் தடவை ஒரே பியூஸ் போகிறது என்றால் பியூஸை மாற்றுவதில் அர்த்தம் இல்லை, லைனில் எங்கோ கோளாறு. எனக்குக் கோலி பிடிக்கும். பெர்த்தில் அடித்த நூறைக் கடையை இழுத்துச் சாத்திவிட்டுப் பார்த்தேன். ஆனாலும் மேற்சொன்ன தாளில் கோடு போட்டால் எட்டுக் கோடும் ஒரே பக்கம்தான் விழுகிறது.

ஆளைக் கூப்பிடலாமா? ஒரு இன்னிங்ஸ் சுருண்டதற்குக் கூப்பிடாதீர்கள். ஒரே ஆள் ஒரே மாதிரி மூன்று டெஸ்ட் தொடர்ந்து அவுட்டானால் கூப்பிடலாம்.

## அறிகுறி 2: சொந்த மண்ணில், சுழல் பந்துக்கு, நாமே விழுகிறோம்

அதிகமாக வருகிற கம்ப்ளெயின்ட் இதுதான். வலியும் இதில்தான் அதிகம். 2012இல் இங்கிலாந்திடம் தோற்ற பிறகு சொந்த மண்ணில் தொடர்ந்து 18 தொடர் ஜெயித்த அணி இது. பன்னிரண்டு வருடம் ஓடிய மிஷின் திடீரென்று நின்றால் யாருக்கும் பதறும்தான்.

கிளை அ: நான்கு இன்னிங்ஸும் குறைந்த ஸ்கோர்

பிட்சைப் பாருங்கள். அதை யார் கேட்டு வாங்கியது என்றும் பாருங்கள்.

கொல்கத்தாவில் முதல் நாளிலிருந்தே பந்து ஒன்று எழும்பியது, ஒன்று தாழ்ந்தது. நாம் நான்கு ஸ்பின்னர்களை இறக்கினோம். கடைசியில் அடிக்க வேண்டியது 124. கழுத்துப் பிடிப்பில் கேப்டன் கில் பேட்டிங்குக்கே வரவில்லை. 93இல் முடிந்தது. அவர்களின் ஸ்பின்னர் சைமன் ஹார்மர் இரண்டு இன்னிங்ஸிலும் நான்கு நான்கு விக்கெட். மேட்ச் முடிந்ததும் பயிற்சியாளர் கம்பீர், நாங்கள் கேட்ட பிட்ச் இதுதான் என்றார். அதைக் கேட்டபோது எனக்கு ஒரு வாடிக்கையாளர் ஞாபகம் வந்தது. வோல்டேஜ் பத்தவில்லை என்று ஸ்டெபிலைசரைத் தானே திருகிக் கூட்டி வைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் எரிந்ததும் கம்பெனியைத் திட்டினார்.

பந்து ரொம்பத் திரும்பினால் நமக்கு லாபம் என்று நினைக்கிறோம். அதிகமாகத் திரும்பும் பிட்சில் அஸ்வினுக்கும் சுமாரான ஸ்பின்னருக்கும் இருக்கிற தூரம் குறைந்துவிடுகிறது. பந்தை ஒழுங்கான இடத்தில் போடத் தெரிந்தாலே போதும், மீதியைத் தரை பார்த்துக்கொள்ளும். புனேயில் நியூசிலாந்தின் மிட்செல் சான்ட்னர் 13 விக்கெட் எடுத்தாரே, அதற்கு முன் டெஸ்ட்டில் ஒரு இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்கூட அவர் எடுத்ததில்லை.

இதே மருந்து முன்பு வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2021இல் சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் நல்ல பிட்ச். இங்கிலாந்தின் ஜோ ரூட் 218 அடித்தார், நாம் 227 ரன்னில் தோற்றோம். இரண்டாவது டெஸ்ட்டுக்கு முதல் நாளே தூசு பறக்கிற பிட்ச். அதில் 317 ரன்னில் ஜெயித்தோம். ஆனால் அந்தத் தூசியிலேயே ரோஹித் 161 அடித்தார், உள்ளூர்ப் பையன் அஸ்வின் எட்டு விக்கெட்டும் எடுத்து நூறும் அடித்தார். அப்படி ஆட ஆள் இருந்தால் அந்தப் பிட்சைக் கேட்கலாம். இல்லாதபோது எதற்கு?

கிளை ஆ: எதிரணி நன்றாக அடித்த அதே பிட்சில் நாம் சுருண்டோம்

குவாஹாட்டி. இங்கே பிட்சைக் கை காட்ட முடியாது. அவர்கள் 489 அடித்தார்கள். அதில் நூறு அடித்தவர் பெயர் செனுரான் முத்துசாமி. பெயரைக் கேட்டதும் கடையில் பாதிப் பேர் தென் ஆப்பிரிக்கா பக்கம் சாய்ந்துவிட்டார்கள். நாம் 95க்கு 1 என்று இருந்து 122க்கு 7. அந்த ஆறில் நான்கு ஸ்பின்னில்கூட இல்லை, வேகப்பந்து வீச்சாளர் மார்கோ யான்சன் எழுப்பிய பந்துகளில். அந்த இன்னிங்ஸில் அதிகப் பந்து நின்று ஆடியவர் குல்தீப் யாதவ், 134 பந்து. பேட்ஸ்மேன்களைவிடப் பந்து போடுகிறவர் அதிக நேரம் கட்டை போட்டிருக்கிறார் என்றால் மேற்கொண்டு சோதனையே வேண்டாம். இரண்டாவது இன்னிங்ஸில் ஹார்மர் ஆறு எடுக்க 140. மொத்தம் 408 ரன் தோல்வி. ரன் கணக்கில் இந்தியாவின் மிகப் பெரிய தோல்வி அது.

இந்தக் கிளையில் வந்து நின்றால் இறங்கு வரிசையை எழுதிப் பாருங்கள். வாஷிங்டன் சுந்தர் மான்செஸ்டரில் ஐந்தாவதாக வந்து நூறு அடித்து மேட்சைக் காப்பாற்றினார். கொல்கத்தாவில் மூன்றாவது இடம், குவாஹாட்டியில் எட்டாவது இடம். ஒரே ஸ்க்ரூவை மூன்று ஓட்டையில் மாற்றி மாற்றி முடுக்கினால் மரை தேயாதா? மூன்றாவது இடத்தில் புஜாரா கடைசியாக ஆடியது 2023 ஜூனில். அந்த இடத்தில் இன்னும் யாரும் காலூன்றவில்லை.

கிளை இ: விக்கெட் எடுத்த பந்து திரும்பவே இல்லை

இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. புனே முதல் இன்னிங்ஸில் கோலி போல்டு ஆனது சான்ட்னரின் ஃபுல் டாஸில். ஃபுல் டாஸுக்குப் பிட்ச் எதற்கு? ஒரு பந்து முன்னால் பயங்கரமாகத் திரும்பியிருக்கும். அந்தப் பயத்தில் அடுத்த நேர் பந்துக்குத் திரும்பும் என்று மட்டையை நீட்டி எல்.பி.டபிள்யூ ஆவார்கள். இதற்கு மருந்து வருடக்கணக்கில் சுழல் பந்தை ஆடிப் பழகுவதுதான்; அந்தப் பழக்கம் ரஞ்சி டிராஃபியில் கிடைக்கும். பெரிய ஆட்களுக்கு அதற்கு நேரமே இருப்பதில்லை. ஆஸ்திரேலியத் தோல்விக்குப் பிறகு 2025 ஜனவரியில்தான் ரோஹித்தும் கோலியும் பல வருடம் கழித்து ரஞ்சிக்குத் திரும்பினார்கள். அந்த மே மாதமே இருவரும் டெஸ்ட்டிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டார்கள். பேட்டரி தீர்ந்த பிறகு சார்ஜர் வாங்கின கதை.

ஆளைக் கூப்பிடலாமா? கிளை அ-வுக்கு உடனே கூப்பிடலாம். பிட்ச் கேட்டு வாங்கிய ஆள் யார் என்பது ஒளிவுமறைவு இல்லாத விஷயம். கிளை ஆ, இ-க்கும் கூப்பிடலாம், ஆனால் பெரிய பில் வரும்: இரண்டு மூன்று வருடம் பொறுமை, இளம் பையன்களின் தோல்விகள், அதே இடத்தில் அதே ஆளை விட்டு வைப்பது. அந்த பில்லைக் கட்ட நீங்கள் தயாரா என்று கேட்டால் எல்லோரும் தயார் என்பார்கள். முதல் டக்கிலேயே மறந்துவிடுவார்கள்.

## அறிகுறி 3: மேலே பிரமாதம், கீழே சறுக்கு மரம்

2025 ஜூன், இங்கிலாந்தின் ஹெடிங்லி. 430க்கு 3 என்று இருந்தது. 471 ஆல் அவுட். இரண்டாவது இன்னிங்ஸில் 333க்கு 4. 364 ஆல் அவுட். மேட்ச்சில் நம் ஆட்கள் ஐந்து சதம் அடித்தார்கள், பந்த் மட்டும் இரண்டு. அப்படியும் இங்கிலாந்து 371ஐத் துரத்தி ஐந்து விக்கெட் மிச்சம் வைத்து ஜெயித்தது. முதல்தரக் கிரிக்கெட்டில் ஐந்து சதம் அடித்துத் தோற்ற முதல் அணி நாம்தான்.

மலிவான காரணம்: கடைசி நான்கு பேருக்கு பேட்டிங் வராது. சரி, ஒத்துக்கொள்வோம். இது புது நோயும் இல்லை. 1999 ஜனவரி, சேப்பாக்கம், பாகிஸ்தான். முதுகு வலியோடு சச்சின் 136 அடித்து அவுட்டானபோது ஸ்கோர் 254, தேவை 271. பிறகு நான்கே ரன்னில் மூன்று விக்கெட். 12 ரன்னில் தோற்றோம். ஜெயித்த பாகிஸ்தானுக்கு மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. ரேடியோவில் அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு என் அப்பா முற்றத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

செலவு பிடிக்கிற காரணம்: வாலுக்கு (கடைசியில் பேட்டிங் வருகிறவர்களுக்கு) ஒட்டுப் போடப் போய் உடம்பில் துணி பற்றாமல் போவது. எட்டாம் இடம் வரை பேட்டிங் வேண்டும் என்று ஆல்ரவுண்டர்களை நிரப்பினார்கள். அதனால் குல்தீப் யாதவ் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட்டும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஆறு சதம் அடித்த அஸ்வின் எட்டாவதாக வந்துகொண்டிருந்தவரை இந்தத் தலைவலி நமக்குத் தெரியவில்லை. 2024 டிசம்பரில் பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த கையோடு அவர் ஓய்வு பெற்றார். 537 விக்கெட்டை நினைத்துத்தான் எல்லோரும் வருந்தினார்கள். அந்த எட்டாம் இடத்தின் அருமை ஹெடிங்லியில்தான் உறைத்தது.

சோதனை: கடைசி இரண்டு பேர் எத்தனை பந்து நின்றார்கள் என்று பாருங்கள், ரன்னைப் பார்க்காதீர்கள். லார்ட்ஸில் 193 தேவை, 170இல் முடிந்தோம். ஆனால் ஜடேஜா 61 அடித்து நிற்க, பும்ரா 54 பந்தும் சிராஜ் 30 பந்தும் தாக்குப்பிடித்தார்கள். சிராஜ் தடுத்த பந்து மெல்ல உருண்டுபோய் ஸ்டம்பைத் தட்டியது. அந்த வாலைத் திட்டுகிறவர்களுக்கு என் கடையில் டீ கிடையாது.

ஆளைக் கூப்பிடலாமா? வேண்டாம். அடுத்த டெஸ்ட்டில் ஆளை மாற்றிப் பார்ப்பார்கள்.

## அறிகுறி 4: எதிரணியின் வால் மட்டும் அறுபடவே மாட்டேன் என்கிறது

முதலில் கேட்ச்சை எண்ணுங்கள். ஹெடிங்லியில் ஜெய்ஸ்வால் மட்டும் நான்கு விட்டார். அதற்கு முன் 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில், மெல்போர்னில் ஒரே நாளில் மூன்று. சத்தம் போட வேண்டாம், எண்ணினால் போதும். மூன்றுக்கு மேல் போனால் வேறு காரணமே தேட வேண்டாம்.

அப்புறம் நோ பால். அதே மெல்போர்னில், ஆஸ்திரேலியா 91க்கு 6 என்று இருந்து 234 வரை போனது. நான்காம் நாள் கடைசி ஓவர், பும்ரா பந்தில் லயன் கொடுத்த கேட்ச்சை ராகுல் தொடைக்கு நடுவில் இடுக்கிப் பிடித்தார். கடையில் எல்லோரும் கை தூக்கிவிட்டோம். நோ பால். லயனும் போலண்டும் கடைசி விக்கெட்டுக்கு 61 சேர்த்தார்கள்.

பிறகு யார் எத்தனை ஓவர் போட்டார் என்று பாருங்கள். அந்தத் தொடரில் பும்ரா 150 ஓவருக்கு மேல் போட்டு 32 விக்கெட் எடுத்தார். சிட்னியில் முதுகு பிடித்துக்கொண்டது, கடைசி இன்னிங்ஸில் ஒரு பந்துகூடப் போட முடியவில்லை. ஆஸ்திரேலியா 162ஐ எளிதாக எடுத்தது. ஒரே ஜாரில் நாள் முழுக்கச் சட்னி, மாவு, மஞ்சள் கிழங்கு எல்லாம் அரைத்தால் எந்த மோட்டார் தாங்கும்?

இதற்கு மாறான சோதனையும் நடந்திருக்கிறது. 2025 இங்கிலாந்துத் தொடரில் பும்ரா மூன்று டெஸ்ட்தான் ஆடினார். நாம் ஜெயித்த இரண்டும் அவர் ஆடாதவை. எட்ஜ்பாஸ்டனில் கில் 269, 161 அடிக்க, ஆகாஷ் தீப் பத்து விக்கெட். ஓவலில் சிராஜ் கடைசி நாள் காலை வந்து முடித்தார், 6 ரன்னில் வெற்றி. அதை வைத்து "பும்ரா வேண்டாம்" என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. அந்தக் கோளாறுக்கு என்னிடம் வழிமுறை இல்லை.

ஆளைக் கூப்பிடலாமா? கேட்ச்சுக்குக் கூப்பிட வேண்டாம். பந்துவீச்சாளர் முதுகுக்கு உடனே கூப்பிடுங்கள்.

## அறிகுறி 5: டிரா என்று நினைத்துக் குளிக்கப் போனேன், வந்தால் மேட்ச் முடிந்துவிட்டது

அதே மெல்போர்ன் டெஸ்ட்டின் கடைசி நாள், டீ இடைவேளைக்கு மூன்றே விக்கெட் போயிருந்தது. அப்புறம் 121க்கு 3 என்பது 155 ஆல் அவுட். ஏழு விக்கெட் 34 ரன்னில்.

தூக்கி அடித்து அவுட்டானவர் யார் என்று பாருங்கள். பந்த் அப்படித்தான் போனார். ஆனால் பந்த்தைத் திட்டுவதற்கு முன் காபாவின் 89ஐ நினைத்துக்கொள்ளுங்கள், அதே கை, அதே அடி. அவரிடம் ஒன்றை மட்டும் தனியாகக் கழற்றி எடுக்க முடியாது.

கட்டை போட ஆள் இருக்கிறார்களா என்பதுதான் உண்மையான சோதனை. 2021 ஜனவரி சிட்னியில் தொடைத் தசை கிழிந்த விஹாரி 161 பந்து, முதுகு பிடித்த அஸ்வின் 128 பந்து. இருவரும் ரன்னைப் பெரிதாக நினைக்காமல் நாளை ஓட்டினார்கள். அந்த மாதிரி ஆட்டத்துக்கு இப்போது சந்தை இல்லை, அதனால் சரக்கும் வருவதில்லை. மான்செஸ்டரில் ஜடேஜாவும் வாஷிங்டனும் சதம் அடித்துத் தொடர்ந்து நின்றபோது, பரவாயில்லை, கிடங்கில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று தோன்றியது.

## அறிகுறி 6: கோளாறு டிவிக்கு இந்தப் பக்கம்

நான் எழுந்தால் விக்கெட் விழும், ஆகையால் எழ மாட்டேன் என்று ஒருவர் என் கடையில் இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விக்கெட் விழுந்தது. கீழே உள்ளவை மலிவிலிருந்து:

தூக்கம் கெட்டது: மெல்போர்ன் என்றால் நம்ம ஊரில் காலை 5 மணிக்கே ஆட்டம். ஐந்து நாள் தொடர்ந்து நாலரைக்கு எழுந்தால் ஜெயித்தாலும் எரிச்சல்தான் வரும். முதல் செஷனை விட்டுவிட்டு ஏழு மணிக்கு ஸ்கோர் பாருங்கள்.

பசி: குவாஹாட்டியில் சீக்கிரம் இருட்டுகிறது என்று டீயை முதலில் வைத்து, சாப்பாட்டை அப்புறம் வைத்தார்கள். அந்த ஐந்து நாளும் நானும் அதே கணக்கில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன். வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள்.

கைபேசி: விக்கெட் விழுந்த பத்து நிமிடத்துக்கு எதையும் டைப் செய்யாதீர்கள். ஆட்டக்காரர் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் திட்டுகிற அளவுக்குப் போய்விட்டால் டிவியை அணைக்க வேண்டியது உங்கள் வீட்டு ஆட்கள்.

நெஞ்சு அழுத்தம், இடது கை வலி, வியர்வை: இதில் சோதனை எதுவும் கிடையாது. ஓவர் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108க்கு அடியுங்கள்.

## அறிகுறி 7: "இனிமேல் டெஸ்ட்டே பார்க்க மாட்டேன்"

காரணம் தேட வேண்டாம். கழற்றவும் வேண்டாம். அப்படியே ஓரமாக வைத்துவிடுங்கள்.

எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் என் நண்பன், 2024 நவம்பர் 3ஆம் தேதி, மும்பையில் 147 எடுக்க முடியாமல் 121இல் நாம் சுருண்ட மதியம், என் கடைக்கே வந்து சத்தியம் செய்தான். அம்மா மேல் செய்யப் போனவனை நான்தான் தடுத்து, சர்ஜ் புரொடெக்டர் மேல் கை வைத்துச் செய்யச் சொன்னேன்.

நவம்பர் 22, பெர்த் டெஸ்ட். மதியம் பன்னிரண்டரை வாக்கில் போன். "150 ஆல் அவுட்டாமே? நான் பாக்கல. கஸ்டமர் சொன்னாரு. நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா மாப்ள?"

சரி என்று வைத்துவிட்டேன்.

மூன்றேகால் மணிக்கு மறுபடி போன். பின்னால் டிவி சத்தம் பலமாகக் கேட்டது.

"ஸ்கோர் என்ன மாப்ள?" என்று கேட்டேன், தெரியாதவன் போல.

"67க்கு 7. பும்ரா நாலு." மூச்சு வாங்கியது அவனுக்கு. "நாளைக்கு எத்தனை மணிக்கு ஆரம்பிக்குறான்?"

"ஏழு ஐம்பது."

"வந்துடுறேன். வடை நான் வாங்கிட்டு வரேன், டீ நீ சொல்லிடு."